அளவு நோட்டில் எழுதப்பட்ட நாட்கள்

தையற்கடைகளில் அளவு நோட்டு என்று ஒன்று இருக்கும். வாடிக்கையாளரின் பெயர், உயரம், தோள், மார்பு, கை நீளம் ஆகியவற்றை எழுதி, துணியில் ஒரு சிறு துண்டையும் அந்தப் பக்கத்தில் குத்தி வைத்திருப்பார்கள். அத்தகைய நோட்டு ஒன்று ஒரு நாள் எங்கள் புறநோயாளிப் பிரிவின் மேசைக்கு வந்து சேர்ந்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த தையற்கலைஞர் ஒருவரின் மகள் அதைக் கொண்டுவந்திருந்தார். "அம்மா உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க டாக்டர். நீங்களே படிச்சுப் பாருங்க" என்றார். அம்மா தலை குனிந்து அமர்ந்திருந்தார். படிக்கலாமா என்று அவரிடமே கேட்டோம். சற்றுத் தயங்கிய பின் தலையசைத்தார்.

நோட்டின் முற்பகுதியில் ஊரார் அளவுகள் இருந்தன. பிற்பகுதியில், சிகிச்சை தொடங்கிய நாள் முதல் அவர் எழுதிவந்த குறிப்புகள் இருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு வரி; சில நாட்களில் ஒரு பக்கம். அவருடைய ஒப்புதலுடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து, அந்த நோட்டிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரே நாள், இரண்டு பதிவுகள்

அவருக்கு அப்போது பாக்லிடாக்செல் என்னும் மருந்து வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரங்களுக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. எட்டு வாரங்கள் முடிந்திருந்தன. கடைசி மூன்று வாரங்களுக்கும் எங்கள் கேஸ் ஷீட்டில் ஒரே வாசகத்தையே எழுதியிருந்தோம்: "நலமாக உள்ளார். புதிய தொந்தரவு இல்லை. மருந்து தொடரலாம்."

அதே நாட்களில் அவருடைய நோட்டு வேறொன்றைச் சொன்னது.

ஆறாம் வாரம்: "பஸ்ஸில் சில்லறை கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று பார்த்தால்தான் தெரிகிறது."

ஏழாம் வாரம்: "ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பெண்ணைக் கூப்பிட்டேன். கண் மங்கல் என்று சொல்லிவிட்டேன்."

எட்டாம் வாரம்: "ஜாக்கெட் கொக்கி மாட்டக் கால் மணி நேரம் ஆகிறது. ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் தெருமுனை வரை நடந்திருக்கிறேன்."

ஒவ்வொரு வாரமும் நாங்கள் அவரைக் கேட்காமல் இல்லை. "வேறு ஏதாவது தொந்தரவு உண்டா அம்மா?" என்று கேட்டோம். "ஒண்ணுமில்லீங்க டாக்டர்" என்றார். அந்த விடையோடு நாங்கள் நிறைவடைந்துவிட்டோம். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டபோது அவர் சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, "சொன்னா மருந்தை நிறுத்திடுவீங்க, நிறுத்தினா நோவு திரும்ப வந்துடும்." மற்றொன்று, "வெளியே அத்தனை பேர் காத்துக் கிடக்கறப்போ, கொக்கி மாட்ட முடியலைங்கறதைப் போய் டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?"

முதல் காரணம் அவருடைய அச்சம். இரண்டாவது, எங்கள் அவசரம் அவருக்குக் கற்பித்த பாடம். அதை மறைப்பதில் பயனில்லை.

விரல் நுனியில் தொடங்கும் செய்தி

பாக்லிடாக்செல் போன்ற சில மருந்துகள், கைகால்களின் நுனி வரை செல்லும் மெல்லிய நரம்புகளைத் தாக்குகின்றன. உடலின் மிக நீண்ட நரம்புகள் கால் விரல்களுக்குச் செல்பவை. ஆகவே மரத்துப்போதல் பெரும்பாலும் அங்கே தொடங்கி, பின்னர் கை விரல்களிலும் தெரியவரும். எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, எரிச்சல், கையுறை அணிந்தது போன்ற மந்தம் எனப் பலவாறாக நோயாளிகள் இதைக் கூறுவர். மருந்தின் மொத்த அளவு கூடக்கூட இப்பாதிப்பும் கூடும். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டுவதில்லை. நோயாளி சொன்னால்தான் உண்டு.

உரிய நேரத்தில் தெரிந்தால் மருந்தின் அளவைக் குறைக்கலாம், சிறிது இடைவெளி விடலாம், தேவையானால் மாற்று மருந்துக்குச் செல்லலாம். தெரியாமல் தொடர்ந்தால் மரத்துப்போதல் நிலைத்துவிடக்கூடும். எல்லோருக்குமே இது முக்கியம் என்றாலும், ஊசியால் பிழைப்பு நடத்துபவருக்கு விரல் நுனிதான் மூலதனம்.

அன்று அவருடைய விரல்களையும் பாதங்களையும் சோதித்தோம். கண்களை மூடச் சொல்லி உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்தோம். அது ஒரு ரூபாயா, ஐந்து ரூபாயா என்று அவரால் சொல்ல இயலவில்லை. அந்த வாரம் மருந்தை நிறுத்திவைத்தோம். எஞ்சிய தவணைகளைக் குறைந்த அளவில், ஒவ்வொரு முறையும் விரல்களைச் சோதித்த பின்னரே கொடுத்தோம். அளவைக் குறைப்பது சிகிச்சையைக் கைவிடுவது ஆகாது, அதுவும் திட்டத்தின் ஒரு பகுதியே என்பதை முதல் நாளே நாங்கள் விளக்கியிருந்தால், அவர் மூன்று வாரங்கள் அஞ்சிக்கொண்டிருக்க நேர்ந்திராது.

நோட்டின் மற்றப் பக்கங்கள்

மருத்துவத்திற்கு நேரடியாகப் பயன்படும் வரிகள் அந்த நோட்டில் சிலவே. மற்றவை ஒரு மனிதரின் அன்றாடம். ரசம் இரும்புக் கரண்டியை நக்கியதுபோல் இருந்தது. எலுமிச்சை ஊறுகாய் மட்டும் ஊறுகாயாகவே இருந்தது. புதுத்துணியின் வாசனை முன்பு பிடிக்கும், இப்போது குமட்டுகிறது. தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த துணிகளை இருவர் சொல்லாமல் திரும்பப் பெற்றுச் சென்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காபி டம்ளரை வாங்கத் தயங்கினார். புற்றுநோய் தொடுவதாலோ, ஒரே பாத்திரத்தில் உண்பதாலோ பரவுவதில்லை என்பதை நாங்கள் எத்தனை முறை கூறினாலும், அந்த டம்ளர் எங்கள் கண்முன் வந்து நிற்கிறது.

முடி உதிர்ந்த வாரத்தில் அவர் எழுதியது இது: "யார் கேட்டாலும் பழனிக்குப் போய் வந்தேன் என்று சொல்கிறேன். முருகன் மன்னித்துக்கொள்வான்."

இன்னொரு பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது: "இன்னும் எத்தனை நாள் என்று கேட்கலாமா, கூடாதா?"

இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காமல் திரும்பிச் செல்பவர்கள் பலர். அவர்களுக்கு நாங்கள் சொல்வதுண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீபன் ஜே கூல்டின் கதையை. 1982இல் அவருக்கு வயிற்றுப் பகுதியில் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. நூலகத்தில் தேடியபோது, அந்நோயாளிகள் உயிர்வாழும் காலத்தின் நடு எண் எட்டு மாதங்கள் என்றிருந்தது. அறிவியலாளரான அவர் அந்த எண்ணைக் கூர்ந்து நோக்கினார். நடு எண் என்றால் பாதிப் பேர் எட்டு மாதங்களுக்குள் இறந்தனர் என்பது போலவே, மீதிப் பாதிப் பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்றும் பொருள். அவர்களுள் சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கக்கூடும். 1985இல் இதைப் பற்றி அவர் ஒரு கட்டுரையும் எழுதினார். நோய் கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகள் கழித்து, 2002இல், வேறொரு புற்றுநோயால் காலமானார்.

எல்லோருக்கும் அவ்வாறே நிகழும் என்று நாங்கள் சொல்லவில்லை. எண்கள் ஒரு கூட்டத்தைப் பற்றியவை, உங்களைப் பற்றியவை அல்ல என்றே சொல்கிறோம். இதை விளக்கியபோது அந்த அம்மையார் எங்களைவிடத் தெளிவாகக் கூறினார்: "பத்துப் பேர் அளவைக் கூட்டிப் பத்தால வகுத்து ஒரு ஜாக்கெட் தைச்சா, அது ஒருத்தருக்கும் சேராதுங்க."

எழுதினால் என்ன பயன்?

நோயாளி தம் தொந்தரவுகளைத் தாமே பதிவு செய்வதால் பயன் உண்டா என்பதை நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஆராய்ந்தார்கள். உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்றுவந்த 766 பேரை இரு பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வழக்கம்போல் மருத்துவரைக் கண்டபோது தொந்தரவுகளைச் சொன்னார்கள். மற்றப் பிரிவினர் வலி, களைப்பு, வாந்தி, மூச்சுத்திணறல், மரத்துப்போதல் போன்ற பன்னிரண்டு தொந்தரவுகளைக் கணினி வழியே தொடர்ந்து பதிவு செய்தார்கள். ஏதேனும் மோசமானால் செவிலியருக்கு உடனே தகவல் சென்றது. 2017இல் வெளியான முடிவின்படி, பதிவு செய்த பிரிவினர் உயிர்வாழ்ந்த காலத்தின் நடு எண் 31.2 மாதங்கள். மற்றப் பிரிவினருக்கு அது 26 மாதங்கள்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுதியதால் மட்டும் அப்பயன் விளையவில்லை. எழுதியதை ஒருவர் படித்தார், படித்தவர் உடனே செயல்பட்டார். மூடிய நோட்டு எவரையும் காப்பதில்லை.

நீங்களும் எழுதலாம்

விலையுயர்ந்த டைரி தேவையில்லை. ஒரு பள்ளி நோட்டு போதும். நாள்தோறும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, கீழ்க்கண்டவற்றைக் குறித்துவையுங்கள்.

1. தேதி, கீமோதெரபி முடிந்து எத்தனையாவது நாள்.
2. உடல் வெப்பம். வாரம் ஒரு முறை எடை.
3. வலி, களைப்பு, குமட்டல்: ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை ஓர் எண்.
4. வாய்ப்புண், மலம் கழித்தல், உறக்கம், விரல்களின் உணர்ச்சி.
5. சென்ற வாரம் செய்ய முடிந்து இந்த வாரம் செய்ய இயலாமற்போன வேலை எது? எங்களுக்கு மிகவும் பயன்படும் வரி இதுவே. "களைப்பு" என்பதைவிட, "மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தேன்" என்பது எங்களுக்கு அதிகம் சொல்கிறது.
6. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, இருந்தால்.

எழுத இயலாதவர்கள் வீட்டிலுள்ளவரிடம் சொல்லி எழுதச் செய்யலாம், அல்லது கைப்பேசியில் பேசிப் பதிவு செய்யலாம். மரத்துப்போதலுக்கென்று வைட்டமின் மாத்திரைகளையோ பிற மருந்துகளையோ தாமாக வாங்கி உண்ண வேண்டாம். விரல் மரத்தவர்கள் சூடான பாத்திரங்களைத் துணி பிடித்தே எடுக்க வேண்டும். வீட்டிற்குள்ளும் காலணி அணிந்து, இரவில் பாதங்களில் காயம் உண்டா என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாதவை

உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் (38 டிகிரி செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் செல்லுதல், குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், நிற்காத இரத்தக்கசிவு, நீர்கூடத் தங்காத வாந்தி, கால்கள் திடீரெனத் தளர்தல், சிறுநீர் கழிக்க இயலாமை ஆகியவை அடுத்த வருகைவரை நோட்டில் காத்திருக்கக் கூடாதவை. பகலாயினும் இரவாயினும் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். கீமோதெரபிக்குப் பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் ஒன்றே ஆபத்தின் அறிகுறியாகலாம். மாத்திரை போட்டுக் காய்ச்சலை அடக்கிவிட்டு விடியும்வரை பார்ப்போம் என்றிருக்க வேண்டாம்.

குடும்பத்தாருக்கு

நோயாளி "ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது, உங்கள் கண்ணில் பட்டதை எங்களிடம் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. ஆயினும் அவருடைய நோட்டு அவருடையது. அவர் அறியாமல் பிரித்துப் படிக்க வேண்டாம். "எனக்கு இதைப் படித்துக் காட்டுவாயா?" என்று கேளுங்கள். படித்துக் காட்டினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "அப்படியெல்லாம் நினைக்காதே" என்ற சொல், அவரை அடுத்த முறை மௌனமாக்கிவிடும்.

இப்போது

சிகிச்சை முடிந்து ஆறு மாதங்களுக்குப் பின் அந்த அம்மையார் பரிசோதனைக்கு வந்தார். கை விரல்களின் உணர்ச்சி பெரும்பாலும் திரும்பியிருந்தது. கால் விரல்களில் மந்தம் எஞ்சியிருந்தது. அது முற்றிலும் நீங்குமா என்று கேட்டார். நீங்கலாம், சிறிது நிலைக்கவும் செய்யலாம் என்று உண்மையைச் சொன்னோம். தையல் இயந்திரத்தின் மிதியை உணர முடியாததால் மோட்டார் பொருத்திக்கொண்டதாகச் சொன்னார். காஜா எடுக்கும் வேலையை மகள் பார்க்கிறாராம். இம்முறை நோட்டை அவரே பிரித்து நீட்டினார். முந்தைய நாள் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "ஊசியில் நூல் கோத்தேன். மூன்றாம் தடவையில்."

எங்கள் பிரிவிலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். "வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?" என்பதோடு நிறுத்துவதில்லை. "போன முறை வந்துபோன பிறகு எந்த வேலை கடினமாகிவிட்டது?" என்று கேட்கிறோம். விடை சொல்ல நேரமாகும், பரவாயில்லை. அடுத்த முறை வரும்போது உங்கள் நோட்டையும் எடுத்துவாருங்கள். இரத்தப் பரிசோதனை முடிவைப் படிப்பதற்கு முன் அதைப் படிப்போம்.