ஜூலே... லடாக் போகலாம், வாங்க!

ஒருவர் உங்களைப் பார்த்துச் சிரித்தபடி, 'ஜூலே' என்று சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? யோசிக்கவே வேண்டாம். நீங்களும், 'ஜூலே' என்று சொன்னால் போதும். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் லடாக் மக்கள் சொல்லும் சொல் அதுதான்.

இந்தியாவின் வட கோடியில், இமயமலைக்கு அப்பால் இருக்கிறது லடாக். 'கணவாய்களின் நாடு' என்பது அந்தப் பெயரின் பொருள். 2019 அக்டோபர் 31ம் தேதி முதல் இது தனி யூனியன் பிரதேசம். இதன் கிழக்குப் பகுதியில் உள்ள லே நகரமும், அதைச் சுற்றிய கிராமங்களும் திபெத்திய பவுத்தம் தழைத்த இடங்கள். அங்கே குழுவாகச் சுற்றுலா போனால் எப்படி இருக்கும்? வாருங்கள், நாள் கணக்குப்படி போய் வருவோம்.

முதல் இரண்டு நாள்: சும்மா இருப்பதே வேலை!

டில்லியில் விமானம் ஏறினால், ஒன்றேகால் மணி நேரத்தில் லே வந்து விடும். டில்லி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே நகரமோ சுமார் 3,500 மீட்டர். காலை டிபன் செரிப்பதற்குள் அவ்வளவு உயரம் ஏறி விடுகிறோம்!

இறங்கியதும் வழிகாட்டி என்ன சொல்வார் தெரியுமா? 'இன்றைக்கும் நாளைக்கும் ஊர் சுற்றக் கூடாது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது. தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள்' என்பார். ஆசையாய் வந்த பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப் போகும். ஆனால், காரணம் இருக்கிறது.

'மலை மேலே ஆக்சிஜன் சதவீதம் குறைவு' என்று பலர் சொல்வர், அது சரியல்ல. கடற்கரையிலும், மலை உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. காற்று மெலிந்து விடுகிறது. அதனால், லே நகரில் ஒரு மூச்சு இழுத்தால், கடற்கரையில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து விடும்.

இதை உடம்பு சமாளிக்க வேண்டாமா? முதலில் மூச்சு வேகமாகும். இதயம் கூடுதலாகத் துடிக்கும். பிறகு மெல்ல மெல்ல, ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பு அணுக்களை உடம்பு அதிகம் தயாரிக்கும். இதற்கெல்லாம் நேரம் தர வேண்டும். அந்த நேரம்தான் இந்த ஓய்வு.

ஓட்டல் அறையிலேயே இரண்டு சோதனைகளைப் பார்க்கலாம். சமவெளியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பையிலிருந்து எடுங்கள். பலூன் மாதிரி உப்பியிருக்கும்! வெளியே காற்றழுத்தம் குறைந்ததால் வந்த உப்பல் அது. இரண்டாவது சோதனை சமையலறையில். அங்கே தண்ணீர் சுமார் 88 டிகிரி செல்சியசிலேயே கொதித்து விடும். கொதிக்கிறதே தவிர, சூடு போதாது. அரிசியும் பருப்பும் சீக்கிரம் வேகாது. குக்கர் இல்லாவிட்டால் சமையல்காரர் பாடு திண்டாட்டம்தான்!

மறைக்கக் கூடாத ரகசியம்

நான் போன குழுவில், எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் வந்திருந்தான். முதல் நாள் இரவே அவனுக்குத் தலைவலி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏரிக்கு அழைத்துப் போக மாட்டார்களோ என்ற பயம்! மறுநாள் காலை, எல்லாரும் ரொட்டியும் ஜாமும் சாப்பிட, அவன் மட்டும் தட்டைத் தள்ளி வைத்தான்.

வழிகாட்டி அதைக் கவனித்து விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, 'தம்பி, தலை வலிக்கிறதா?' என்று மெதுவாகக் கேட்டார். அவன், 'இல்லை அண்ணா' என்றான். 'எனக்கே சில சமயம் வலிக்கும். இதில் வெட்கம் இல்லை. மறைத்துக்கொண்டு மேலே ஏறினால்தான் ஆபத்து' என்றார் அவர். பையன் கண்ணில் நீர் தளும்ப, உண்மையைச் சொன்னான்.

உடனே டாக்டரிடம் அழைத்துச் சென்றனர். விரலில் சின்னக் கருவியை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்த்தார் டாக்டர். 'இவன் இப்போது இன்னும் மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுக்கட்டும்' என்று சொல்லி விட்டார். நாங்கள் நூப்ரா பள்ளத்தாக்குக்குப் போனபோது அவனும் அவன் அப்பாவும் லேயிலேயே தங்கினர். நாங்கள் திரும்பி வந்த நாளில் நன்றாகத் தேறி, வாசலில் நின்று கையசைத்தான். டாக்டர் சம்மதித்த பிறகு, எங்களோடு ஏரிக்கும் வந்தான்!

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், தூக்கமின்மை இவை உயர நோயின் அறிகுறிகள். இவை இருக்கும்போது இன்னும் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேரம் கடத்தாமல் மருத்துவ உதவியோடு கீழே இறக்கியாக வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு அப்படி ஆனாலும் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது, உயிரைக் காப்பது.

மூன்றாம் நாள்: பன்னிரண்டு அடுக்கு மடாலயம்

லடாக்கில் பவுத்த மடாலயத்தை, 'கோம்பா' என்பர். லே அருகில், குன்றின் சரிவில் 12 அடுக்குகளாக எழும்பி நிற்கிறது திக்சே கோம்பா. உள்ளே சுமார் 15 மீட்டர் உயரத்தில் மைத்ரேய புத்தர் சிலை. மைத்ரேயர் என்றால், இனி வரப்போகும் புத்தர் என்பது பவுத்தர்களின் நம்பிக்கை. காலையில் போனால், சிவப்பு அங்கி அணிந்த துறவிகள் வழிபாடு செய்வதைக் கேட்கலாம். உங்கள் வயதுச் சிறுவர்களும் அவர்களில் இருப்பர்!

குடிக்க, 'குர்குர் சாய்' கிடைக்கும். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர். கடையும்போது எழும் சத்தமே அதன் பெயராகி விட்டது. வறுத்த பார்லி மாவான 'சம்பா'வை இதில் பிசைந்து சாப்பிடுவர். குளிருக்கும் வறண்ட காற்றுக்கும் ஏற்ற உணவு.

வழியெங்கும் ஐந்து வண்ணக் கொடிகள் காற்றில் படபடக்கும். நீலம் வானம், வெள்ளை காற்று, சிவப்பு நெருப்பு, பச்சை நீர், மஞ்சள் நிலம். நம் பஞ்சபூதங்கள்தான்! மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவர்களும் உண்டு. அவற்றை வலப்பக்கம் வைத்துத்தான் கடக்க வேண்டும். நினைவுக்காக ஒரு கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. கோம்பாவுக்குள் செருப்பையும் தொப்பியையும் கழற்றுங்கள். யாரையும் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.

கணவாயும் ஏரியும்

நூப்ரா போகும் வழியில் கர்துங் லா கணவாய் இருக்கிறது. அங்கே பல ஆண்டுகளாக இருந்த பலகையில், 'உலகிலேயே உயரமான வாகனச் சாலை, 18,380 அடி' என்று எழுதியிருந்தது. பிறகு கருவிகளால் அளந்து பார்த்தபோது, உயரம் சுமார் 17,582 அடிதான் என்று தெரிந்தது. அதைவிட உயரமான சாலைகளும் லடாக்கிலேயே போடப்பட்டு விட்டன. பலகையில் இருப்பதையும் அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும்! இங்கே கொஞ்ச நேரமே நிற்க வேண்டும். காற்றழுத்தம், கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

கணவாயைத் தாண்டி இறங்கினால் ஹுண்டர் மணல் மேடுகள். பனிமலை நடுவே பாலைவனம்! அங்கே உலவும் ஒட்டகங்களுக்கு இரட்டைத் திமில்.

பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. நீளம் 134 கிலோ மீட்டர். இதன் பெரும்பகுதி திபெத் பக்கம் உள்ளது. தண்ணீர் உப்பு கரிக்கும். ஆனாலும், குளிர்காலத்தில் உறைந்து போகும்.

நம்மூரோடு ஒரு தொடர்பும் உண்டு. ஜவ்வாது மலை காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே, லடாக்கின் ஹான்லேயிலும் 4,500 மீட்டர் உயரத்தில் வானாய்வகம் நடத்துகிறது. அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கியை, பெங்களூரு அருகே ஹோஸ்கோட்டையில் இருந்தபடி இயக்குகின்றனர்!

ஒரு வாளித் தண்ணீரின் விலை

லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லி மீட்டர்தான். மழை மேகங்களை இமயமலை தடுத்து விடுகிறது. பனி உருகி வரும் நீரை நம்பியே விவசாயம். ஏப்ரல், மே மாதங்களில் விதைக்க நீர் வேண்டும். ஆனால், மேலே உள்ள பனி அப்போது போதுமான அளவு உருகியிருக்காது.

இதற்கு வழி கண்டார் சேவாங் நோர்பெல் என்ற பொறியாளர். குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைத் தடுத்து, கிராமத்துக்கு மேலே செயற்கைப் பனித்திட்டுகளாக உறைய வைத்தார். 2015ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அடுத்து, சோனம் வாங்சுக் 2013ல் பனி ஸ்தூபியைச் சோதித்துப் பார்த்தார். உயரத்திலிருந்து குழாயில் வரும் நீர், தன் அழுத்தத்தாலேயே மேலே பீய்ச்சியடிக்கும். குளிரில் உறைந்து கூம்பாக வளரும். கூம்பு வடிவத்தில் வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் மெதுவாக உருகி, விதைக்கும் நேரத்தில் வயலுக்கு நீர் தரும்.

அப்படிச் சேர்த்த தண்ணீர் அது. சுற்றுலாப் பயணிகள் ஷவரைத் திறந்து விட்டு அரை மணி குளித்தால் நியாயமா? லடாக் வீடுகளில், தண்ணீரே தேவைப்படாத உலர் கழிப்பறைகள் இருந்தன. கிராமங்களில் இன்றும் உள்ளன. அந்தக் கழிவும் உரமாகி வயலுக்கே போகும்.

லடாக் போனால் ஒரு வாளியில் குளியுங்கள். பாட்டிலை வீசாமல், திரும்பத் திரும்ப நிரப்பிக் குடியுங்கள். தலை வலித்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கம்பளிச் சட்டை, குல்லா, கறுப்புக் கண்ணாடி மூன்றையும் மறக்காதீர்கள்.

போகும் வரை, இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். அட்லசைத் திறந்து, சிந்து நதியோடு ஜான்ஸ்கர் நதி சேரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள், பார்ப்போம். ஜூலே!