90 நாளுக்கு ஒருமுறை



தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கிறது ஈசான் வட்டாரம். நெல் வயல் சூழ்ந்த அந்தக் கிராமங்களில், பணி ஓய்வு பெற்ற பிரிட்டிஷ்காரர்கள் பலர் தாய்லாந்து மனைவியோடு குடியிருக்கிறார்கள். வேலையிலிருந்துதான் ஓய்வு, விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து இல்லை!

50 வயது நிறைந்தவர்களுக்கு ஓய்வுக்காலத் தங்கல் அனுமதி உண்டு. ஆண்டுதோறும் அதை நீட்டிக்கக் கட்டணம் 1,900 பாட். தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும்.

அத்தோடு முடியவில்லை. நாட்டைவிட்டு நகராமல் தொடர்ந்து தங்கியிருந்தால், 90 நாளுக்கு ஒருமுறை 'இன்ன முகவரியில்தான் இருக்கிறேன்' என்று குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நேரில் போனால், அடுத்த தேதி குறித்த துண்டுச்சீட்டை பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தருவார்கள். தவறினால் அபராதம்.

வீட்டு மனை? பொதுவாக வெளிநாட்டவர் பெயரில் நிலம் வாங்க முடியாது; பத்திரம் பெரும்பாலும் மனைவி பெயரில்தான்.

பிரிட்டன் அரசு ஓய்வூதியம் தாய்லாந்தில் இருப்பவர்களுக்கும் வரும். ஆனால் பிரிட்டனில் ஆண்டுதோறும் கிடைக்கும் உயர்வு இவர்களுக்குக் கிடையாது. விலைவாசி ஏறினாலும் தொகை ஏறாது.

இன்னொன்று: மறுநுழைவு அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியே போனால், பாடுபட்டு வாங்கிய தங்கல் அனுமதியும் அன்றோடு காலாவதி!