விரலில் ஏறிய கணினி

உடலில் அணியும் கணினிக் கருவிகளில் சில நம்மோடு தங்கிவிடுகின்றன. சில வந்த வழியே போய்விடுகின்றன. ஏன்?

அமெரிக்க ஆய்வாளர் எவரெட் றோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட நூலில், புதியதொன்று பரவுவதற்கு ஐந்து இயல்புகளைக் கூறினார். பழையதைவிடக் கூடிய பயன் தருதல், வழக்கத்தோடு பொருந்துதல், இலகுவாக இருத்தல், முயன்று பார்க்க முடிதல், பலன் பிறர் கண்ணுக்குத் தெரிதல் என்பனவே அவை.

விரலில் மாட்டும் டிஜிட்டல் தஸ்பீஹை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்த எண் கூடும். தொழுகைக்குப் பின் விரல் மடித்தும் மணி உருட்டியும் 33, 33, 34 என எண்ணுவது நம் பழைய வழக்கம். கருவி அதற்குள் வந்து அமர்ந்துகொண்டது. கையடக்கத் தொலைபேசியைத் தொடத் தயங்கும் உம்மம்மாமாருக்கும் அது கடினமில்லை.

கூகுள் கிளாஸ் இதற்கு நேர்மாறு. 2013இல் 1,500 டொலருக்கு வந்த அந்தக் கண்ணாடியில் கமெரா இருந்தது. எதிரே நிற்பவர்கள், தம்மைப் படம் பிடிக்கிறார்களோ என்று அஞ்சினார்கள். 2015 ஜனவரியில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

பயனும் ஆளுக்காள் வேறுபடும். காலடிகளை எண்ணும் கடிகாரம், கதிரையில் இருந்து வேலை செய்பவரை நடக்கத் தூண்டும். பசறை, ஹாலிஎல மலைச்சரிவுகளில் நாள் முழுதும் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த எண் எதற்கு? அவருக்கு வேண்டிய கணக்கு, தராசு காட்டும் கிலோ.

ஆகவே, ஒரு கருவியை ஏற்காதவர்களைப் பின்தங்கியவர்கள் என்று சொல்லுமுன், அது யாருடைய வாழ்க்கையை நினைத்துச் செய்யப்பட்டது என்று கேட்போம்.