கருங்காலியிலிருந்து டெஃப்லானுக்கு

கோட்டுவாத்தியத்துக்கு, அதாவது சித்திரவீணைக்கு, மெட்டு கிடையாது. சரஸ்வதி வீணையில் 24 மெட்டுகள் ஸ்வரங்களுக்கு இடம் காட்டும். இங்கே அந்த வேலை முழுவதையும் இடது கையில் பிடித்திருக்கும் ஓர் உருளைதான் செய்கிறது. தண்டியின் மேல் ஓடும் ஆறு தந்திகளில் அதை நகர்த்தித்தான் ராகம் பாட வேண்டும். பக்கத்தில் மூன்று தாளத் தந்திகள், அடியில் கூடவே அதிரும் பன்னிரண்டு தந்திகள் என்று இன்றைய சித்திரவீணையில் மொத்தம் 21. இத்தனையும் வாத்தியத்தோடு சேர்ந்தவை. ஸ்வரத்தைத் தீர்மானிக்கும் உருளை மட்டும் தனியே, வாசிப்பவரின் பையில் இருக்கிறது.

வாத்தியத்தை வாங்கும்போது பலாமரத்தைத் தட்டிப் பார்க்கிறோம், குடத்தைத் தடவிப் பார்க்கிறோம், தந்தியின் கேஜ் கேட்கிறோம். உருளையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வாத்தியத்தின் குரலில் பாதி அந்தச் சிறு துண்டிலிருந்துதான் வருகிறது. ஒரு தலைமுறைக்குள் அது மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியிருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் கை மாறிவிட்டது.

அன்று

தந்திமேல் எதையாவது நகர்த்தி வாசிக்கும் முறை நம் நாட்டில் பழையது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் அப்படி வாசிக்கும், ஒற்றைத் தந்தி கொண்ட ஏகதந்திரி வீணையை விவரிக்கிறது. தமிழகத்தில் கோட்டுவாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளம் வயதில் அவரிடம் பாடம் கற்றவர். கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்காரும் அவருடைய சீடரே. மன்னார்குடி சாவித்திரி அம்மாளும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் அந்த வாத்தியத்துக்குத் தனித்தனியே பெயர் தேடித் தந்தார்கள். சாஸ்திரிகள் சென்னை கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்தார்.

அந்தக் காலத்து உருளை கருங்காலி. சிலரிடம் கொம்பில் செய்ததும் இருந்தது. கடைசல் பட்டறையில் உருட்டி எடுத்து, பளபளக்கத் தேய்த்து, குருவின் கைக்கு வரும். அவர் அதைத் தந்திமேல் ஓட்டிப் பார்ப்பார். சரியென்றால் சீடனுக்குக் கொடுப்பார், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். சீடன் கேள்வி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மரம் தெரிந்தவர் பட்டறையில் இருந்தார், நாதம் தெரிந்தவர் வீட்டில் இருந்தார்.

கருங்காலியைக் கண்டுபிடிக்க அவர்களுக்குச் சில வழிகள் இருந்தன. முற்றிய கருங்காலியைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். பெரும்பாலான மரங்கள் மிதக்கும். வெட்டிய முகத்தில் ரேகை கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஸ்பிரிட் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் கறுப்பு ஒட்டாது. சாயம் ஏற்றிய மரத்தில் ஒட்டும். கீழே போட்டால் மந்தமான 'தொப்' சத்தம் வராது, கல் விழுந்தாற்போல் கணீரென்று வரும்.

இதே காலத்தில் சென்னைக்கு இன்னொரு உருளையும் வந்து சேர்ந்தது. 1938இல் சென்னை வானொலி நிலையம் வந்தது. உலகெங்கும் ஹவாயன் கிதார் மோகம் பரவியிருந்த காலம் அது. ஜோசப் கெகுகு என்ற ஹவாய் இளைஞர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரும்புத் துண்டைக் கிதார் தந்திமேல் ஓட்டிப் பழகியதிலிருந்து பிறந்த முறை. கிதாரை மடியில் கிடத்தி, எஃகு உருளையால் வாசிப்பது. அந்த ஓசை நம் சினிமாப் பாட்டுக்குள்ளும் நுழைந்தது. அமெரிக்காவில் 1950களில் அதற்கு மிதிகட்டைகளும் கூடுதல் தந்திகளும் சேர்ந்து பெடல் ஸ்டீல் கிதார் உருவாயிற்று. பத்துத் தந்திகளையும் ஒருசேர மூட வேண்டியிருப்பதால் அதன் உருளை 8 செ.மீ.க்கும் கூடுதல் நீளம், 22 முதல் 25 மி.மீ. வரை விட்டம், திட எஃகு.

எடை சொல்லும் கதை

பெடல் ஸ்டீலுக்கு எஃகு பொருந்துகிறது, கோட்டுவாத்தியத்துக்குக் கருங்காலி பொருந்துகிறது. காரணம் எடையில் இருக்கிறது. 22 மி.மீ. விட்டம், 8 செ.மீ. நீளம் கொண்ட உருளையைக் கணக்கிட்டுப் பாருங்கள். கருங்காலியில் செய்தால் ஏறக்குறைய 33 கிராம். கண்ணாடியில் 76 கிராம். எஃகில் 240 கிராம்.

உருளை கனமாக இருந்தால் தந்தியின் அதிர்வு அதற்குள் போய் வீணாவது குறைவு, நாதம் நீண்டு நிற்கும். பெடல் ஸ்டீலில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நீண்ட நேரம் மிதக்கவிடுவதுதான் அழகு, அதனால் கனம் அங்கே வரம். கர்நாடக சங்கீதத்தில் ஒரு ஸ்வரம் அப்படிச் சும்மா நிற்பது அபூர்வம். தோடியின் காந்தாரத்தை அசைக்க, உருளை ஒரு நொடிக்குள் பலமுறை முன்னும் பின்னும் போய்த் திரும்ப வேண்டும். கால் கிலோ இரும்பைத் திருப்புவதற்குள் காலப்பிரமாணம் கடந்துவிடும். இலேசான கருங்காலி சொன்னபடி கேட்கும். ஆனால் அதற்கும் விலை உண்டு. மரம் தந்தியின் உச்ச அதிர்வுகளை உறிஞ்சிக்கொள்ளும், நாதம் சீக்கிரம் அடங்கும், உலோகத் தந்திமேல் மரம் உரசும் 'சர்ர்' ஓசையும் காதில் விழும்.

வட இந்திய விசித்திர வீணைக்காரர்கள் இதற்குக் கண்ணாடியில் விடை தேடினார்கள். பேப்பர் வெயிட் போன்ற முட்டை வடிவக் கண்ணாடியை அவர்கள் தந்திமேல் ஓட்டுகிறார்கள். விஸ்வமோகன் பட் தம் மோகன வீணைக்கு எஃகுக் கம்பியையே வைத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் தங்கள் சங்கீதத்துக்கு ஏற்ற இடத்தில் நின்றார்கள்.

இன்று

நம் பக்கம் மாற்றம் டெஃப்லான் வடிவில் வந்தது. 1938இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த பொருள் அது. தோசைக்கல்லில் ஒட்டாமலிருக்கப் பூசுவதாகத்தான் நாம் அதிகம் அறிவோம். நாராயண ஐயங்காரின் பேரனும், சித்திரவீணை என்ற பெயரைப் பரப்பியவருமான ரவிகிரண் டெஃப்லான் உருளையால் வாசிப்பவர். இன்றைய மாணவர்களில் பலரின் கையிலும் அதுவே இருக்கிறது.

டெஃப்லானின் அடர்த்தி கருங்காலியைப் போல் இரு மடங்கு. முன்சொன்ன அளவில் அது 66 கிராம் வரும். கனம் கூடினால் கை வேகம் குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை, ஏனென்றால் திடப்பொருள்களிலேயே மிகக் குறைந்த உராய்வு கொண்டவற்றில் டெஃப்லான் ஒன்று. தந்தியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. கூடிய எடையால் நாதம் நிற்கிறது, குறைந்த உராய்வால் பிருகா ஓடுகிறது, உரசல் ஓசையும் அடங்கிவிடுகிறது. முன்பு கோட்டுவாத்தியத்தில் துரித காலம் கடினம் என்பார்கள். அந்தத் தடையை உடைத்ததில் வாசித்தவர்களின் சாதகத்தோடு இந்த வெள்ளைத் துண்டுக்கும் பங்கு உண்டு.

அது கிடைக்கும் இடமும் மாறிவிட்டது. கடைசல் பட்டறை இருந்த இடத்தில் இப்போது லேத் பட்டறை. தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் ஏற்றுமதி மண்டலம் வந்த பிறகு, பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை சிறு பட்டறைகளுக்கு வேலை பெருகியது. புஷ், வாஷர், சீல் கடைகிற கையே டெஃப்லான் ராடையும் கடைந்து கொடுக்கும். ஆனால் லேத்காரருக்கு மில்லிமீட்டர் தெரியும், தோடி தெரியாது. எது வேண்டும் என்று வாங்குபவர்தான் சொல்லியாக வேண்டும்.

சொல்ல வேண்டியவை இவை. வெள்ளையாக இருப்பதெல்லாம் டெஃப்லான் அல்ல. நைலான், டெல்ரின், பாலித்தீன் எல்லாம் வெள்ளை ராடாகவே கிடைக்கின்றன. தண்ணீரில் மிதந்தால் அது பாலித்தீன். மூழ்கினால் நகைக்கடைத் தராசு போன்ற சிறு தராசில் வையுங்கள். நான் சொன்ன அளவில் நைலான் 35 கிராம், டெல்ரின் 43 கிராம், டெஃப்லான் 66 கிராம். இவ்வளவு இடைவெளியில் ஏமாற வழியில்லை. நகத்தால் கீறினால் டெஃப்லான் மெழுகு போல் தடம் வாங்கும்.

கடையும்போது கூர்மையான உளியால் மெல்லிய சீவலாக எடுத்து முடிக்கச் சொல்லுங்கள். மணற்தாள் வேண்டாம். அதன் துகள் மென்மையான டெஃப்லானில் பதிந்துகொண்டு தந்தியை அரிக்கும். வாங்கியதும் கண்ணாடிமேல் உருட்டுங்கள். அலையாமல் நேராகப் போக வேண்டும், அடியில் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. நடுவில் இம்மி குழிந்திருந்தாலும் ஓரத் தந்திகள் சுருதியில் நிற்க, நடுத்தந்தி இரையும்.

எஃகு உருளை வாங்கும் கிதார்க்காரர்களுக்குக் காந்தம் உதவும். சாதாரண இரும்பின்மேல் குரோமியம் பூசியது காந்தத்தை இறுகப் பற்றும். 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் பிடிப்பு இருக்காது, இருந்தாலும் மிகச் சொற்பம். நம் ஊர் வியர்வைக்கும் கடற்காற்றுக்கும் பூச்சு உரியும். உரிந்த விளிம்பு தந்தியை வெட்டும்.

டெஃப்லானின் குறை அதன் மென்மை. தினமும் வாசித்தால் தந்தி தடம் போடும். அன்றாடம் உருளையைச் சற்றுத் திருப்பிப் பிடித்தால் தேய்மானம் பரவும். தடம் விரலுக்குத் தட்டுப்படத் தொடங்கினால் மீண்டும் லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். கருங்காலி இந்த விஷயத்தில் மேல். ஆனால் இன்று கருங்காலி என்று கேட்டால் கடைக்காரர் மாலையை எடுத்து நீட்டுகிறார். அந்தப் பெயரில் வேறு மரங்களும் விற்கின்றன. காட்டெருமைக் கொம்போ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு தொடவே கூடாதது. நல்ல வேளை, அதைவிடச் சிறந்த பொருள் கைக்கு வந்துவிட்டது.

பொருள் மேம்பட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். பழைய கருங்காலிக்காக ஏங்கச் சொல்ல மாட்டேன். என் கவலை வேறு. கடைசல்காரரின் மரஞானமும் குருவின் செவியும் சேர்ந்து செய்த தேர்வை இன்று பல மாணவர்கள் விலைப்பட்டியலிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். தராசு எடையைச் சொல்லும், காந்தம் உலோகத்தைச் சொல்லும். எது தன் கைக்குப் பொருந்தும் என்பதை வாசிப்பவர்தான் கேட்டறிய வேண்டும். ஆசிரியர்கள் சரளி வரிசை தொடங்கும் நாளிலேயே கருங்காலி, கண்ணாடி, டெஃப்லான் மூன்றையும் மாணவர் கையில் கொடுத்து, ஒரே ஸ்வரத்தை மூன்றிலும் வாசிக்கச் செய்தால் போதும். ஒரு வகுப்பின் அரைமணி நேரத்தில் முடிகிற பாடம் அது.