ரத்தம் சொல்லாத சேதி: மூளையில் தங்கும் எச்.ஐ.வி.

எச்.ஐ.வி.யோடு வாழும் ஒருவருக்கு ஏஆர்டி எனும் கூட்டு மருந்துச் சிகிச்சை மையம் தரும் அறிக்கையில் ‘வைரஸ் கண்டறியப்படவில்லை’ என்ற வரி இருந்தால், அது மருத்துவத்தின் பெரும் வெற்றி. அந்த நிலையைத் தக்கவைத்துக்கொள்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. நோய் எதிர்ப்பாற்றல் மீள்கிறது, ஆயுள் நீள்கிறது. ஆனால், அந்த வரி ரத்தத்தைப் பற்றியது மட்டுமே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மூளை விஷயத்தில் செல்லாது. மூளைக்குத் தனிக் காவல் உண்டு. அங்கே வாழும் செல்களும் வேறு. அதைக் கணக்கில் கொள்ளாமல் எச்.ஐ.வி.யை முற்றாகக் குணப்படுத்துவது பற்றிப் பேச முடியாது. சிகிச்சையில் இருப்பவர்களின் மூளை நலனையும் முழுமையாகக் காக்க முடியாது.

மூளைக்குள் வைரஸ் நுழைவது நோய் முற்றிய பிறகு அல்ல. பாங்காக்கில் தொற்றின் தொடக்க நாட்களில் இருந்த 18 பேரின் மூளைத் தண்டுவடத் திரவத்தைச் சோதித்த ஆய்வு 2012-ல் வெளியானது. அவர்களில் 15 பேரிடம் வைரஸ் இருந்தது; தொற்றியதாகக் கணக்கிடப்பட்ட நாளிலிருந்து 8 நாட்களுக்குள்ளேயே அது அங்கே போய்ச் சேர்ந்திருந்ததும் தெரியவந்தது. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியின்றி இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், ரத்தத்தில் உள்ள பல பொருட்கள் உள்ளே போக முடிவதில்லை. ஆனால், உடலைக் கண்காணிக்கும் டி செல்களும் மோனோசைட் எனும் வெள்ளையணுக்களும் அந்தச் சுவரைக் கடந்து செல்லக்கூடியவை. வைரஸ் பெரும்பாலும் அவற்றுக்குள் இருந்தபடியே உள்ளே போகிறது. அங்கே அது நரம்பு செல்களைத் தொற்றுவதில்லை. அதற்குத் தேவையான சிடி4 ஏற்பிகள் அவற்றில் இல்லை. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவும், ரத்தக் குழாய்களை ஒட்டி வாழும் மேக்ரோஃபேஜ்களுமே அதன் இலக்கு. தொற்றிய செல்கள் வெளியிடும் ஜிபி120, டாட் போன்ற வைரஸ் புரதங்களும் அழற்சிப் பொருட்களும் அருகிலுள்ள நரம்பு செல்களைச் சிதைக்கின்றன. நரம்பு செல் தொற்றுக்கு ஆளாகாமலே பாதிப்புக்கு ஆளாகிறது.

மைக்ரோக்ளியா கருப்பருவத்திலேயே மூளைக்குள் குடியேறி, ஆண்டுக்கணக்கில் வாழ்பவை. தன் மரபணுவை அவற்றின் டிஎன்ஏவில் சேர்த்துவிட்டால் வைரஸுக்கு நெடுங்காலத் தங்குமிடம் கிடைத்துவிடுகிறது. இன்றைய மருந்துகள் வைரஸ் பெருகுவதையும் புதிய செல்களைத் தொற்றுவதையும் தடுக்கின்றன. ஏற்கெனவே டிஎன்ஏவில் சேர்ந்துவிட்டதை அவற்றால் அகற்ற முடியாது. மூளையில் எஞ்சியிருப்பவை செயலற்ற மரபணுத் துண்டுகள்தாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், உடலில் எஞ்சும் வைரஸ் மரபணுக்களில் பெரும்பகுதி உண்மையிலேயே பழுதானவை. இதற்கு விடை தந்தவர்கள், வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருந்தபோது தங்கள் உடலை ஆய்வுக்குக் கொடுக்க முன்வந்த அமெரிக்க நோயாளிகள். சான் டியாகோவில் நடக்கும் ‘லாஸ்ட் கிஃப்ட்’ ஆய்வுத் திட்டத்தில், இறந்த சில மணி நேரத்துக்குள் திசுக்கள் எடுக்கப்படுகின்றன. அப்படிக் கிடைத்த மூளைத் திசுவிலிருந்து மைக்ரோக்ளியாவைப் பிரித்து, டி செல்களை விலக்கி, ஆய்வகத்தில் வளர்த்தார்கள். நெடுங்காலம் மருந்தால் வைரஸ் அடங்கியிருந்தவர்களின் மைக்ரோக்ளியாவிலிருந்தும் பெருகும் திறனுள்ள வைரஸ் வெளிவந்ததை 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது.

மூளையில் வைரஸ் தங்குமென்றால், எச்.ஐ.வி.யிலிருந்து விடுபட்டவராக அறியப்பட்ட ‘பெர்லின் நோயாளி’ டிமோத்தி ரே பிரவுன் எப்படிக் குணமானார் என்பது அடுத்த கேள்வி. ரத்தப் புற்றுநோய்க்காக அவருக்கு 2007-ல் ஸ்டெம் செல் மாற்று செய்யப்பட்டது. கொடையாளரின் செல்களில், வைரஸ் நுழையப் பயன்படுத்தும் சிசிஆர்5 ஏற்பி இல்லை. எங்காவது மிச்சமிருந்த வைரஸ் வெளிவந்திருந்தாலும், அது பற்றிக்கொள்ள ஏற்ற செல்கள் ரத்தத்தில் இல்லை. உயிருக்கே ஆபத்தான இந்தச் சிகிச்சையைக் கோடிக்கணக்கானோருக்குத் தர முடியாது. மற்றவர்களுக்காக ஆராயப்படும் வழிகளில் ஒன்று, உறங்கும் வைரஸை மருந்தால் எழுப்பி அழிப்பது. மூளை தடையாக வந்து நிற்பது இங்கேதான். எச்.ஐ.வி.யின் உறவான எஸ்.ஐ.வி. தொற்றிய குரங்குகளில் இதைச் சோதித்தபோது, ஒரு குரங்கின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் வைரஸ் பெருகியது 2017-ல் பதிவானது. எழும் வைரஸ் மூளையில் அழற்சியை உண்டாக்கினால், குணப்படுத்த வந்த மருந்தே கேடாகிவிடும்.

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களிடம் காணப்படும் மறதிக்கும் கவனச் சிதறலுக்கும் முதுமை, நீரிழிவு, மனச்சோர்வு, மது என்று வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் வைரஸின் கணக்கில் எழுதலாமா என்ற ஆட்சேபமும் உண்டு. எழுதக் கூடாதுதான். எச்.ஐ.வி. சார்ந்த அறிவாற்றல் குறைபாட்டுக்கு 2007-ல் வகுக்கப்பட்ட அளவுகோல்கள் அறிகுறியே இல்லாத பலரையும் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்த்துவிட்டன என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. கூட்டு மருந்து வந்தபின் கடும் மறதிநோய் அரிதாகிவிட்டது. இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் ‘சி’ வகை வைரஸின் டாட் புரதம், மோனோசைட்டுகளை ஈர்ப்பதில் வலுக்குறைந்தது என்பதையும் பெங்களூரு ஆய்வாளர்கள் 2004-ல் காட்டினார்கள். ஆனால், வலுக்குறைந்தது என்பதற்குத் தீங்கற்றது என்று பொருளல்ல; தென்னிந்திய நோயாளிகளிடம் லேசானது முதல் மிதமானது வரையிலான அறிவாற்றல் குறைபாடுகள் பதிவாகியுள்ளன. இன்னொரு நிலையும் உண்டு: ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருக்க, மூளைத் தண்டுவடத் திரவத்தில் மட்டும் அது பெருகலாம். அரிதானாலும் இந்தியாவிலும் பதிவான நிலை இது. தலைவலி, தடுமாற்றம், குழப்பம் என்று வெளிப்படும் இதை ரத்தப் பரிசோதனை காட்டாது. முதுகுத் தண்டிலிருந்து திரவம் எடுத்துச் சோதித்தால்தான் தெரியும். வைரஸின் மருந்து எதிர்ப்பாற்றலை அறிந்து கூட்டு மருந்தை மாற்றினால் பலர் தேறுகிறார்கள்.

இதையெல்லாம் அறிந்து அஞ்ச வேண்டியதில்லை. மருந்தை நிறுத்த இது காரணமும் ஆகாது. மூளைக்கும் இன்று நம்மிடமுள்ள முதல் அரண், சீக்கிரம் தொடங்கித் தவறாமல் எடுத்துக்கொள்ளும் ஏஆர்டி மருந்துதான். பெயர்கள் மறந்துபோனாலோ, கணக்கு பிசகினாலோ, நடை தள்ளாடினாலோ, ‘வைரஸ்தான் இல்லையே’ என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவர்களும் நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 செல் எண்ணிக்கையோடு நினைவாற்றலையும் கேட்டறிவதை வழக்கமாக்க வேண்டும். குணப்படுத்தும் மருந்து என்று நாளை எது வந்தாலும், அது மூளையிலும் வேலை செய்கிறதா என்பதே அதற்கு நாம் வைக்க வேண்டிய முதல் சோதனை.