ரெவின்யூ ஸ்டாம்ப்: ஓட்டையை எண்ணிப் பாருங்க

ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, பாதி ஸ்டாம்ப் மேலயும் பாதி பேப்பர் மேலயுமா கையெழுத்து போட்டிருப்பீங்க. ஏன் அப்படி? அதைப் பிரிச்சு எடுத்து இன்னொரு ரசீதுல யாரும் ஒட்டிடக் கூடாது, அதுக்குத்தான். ஸ்டாம்பைத் திரும்பப் பயன்படுத்த முடியாதபடி ரத்து பண்ணணும்ங்கிற விதி 1899-ம் வருஷத்து இந்திய முத்திரைச் சட்டத்துலயே இருக்கு.

தபால்தலை சேகரிக்கிறவங்க மாதிரி இதையும் சேகரிக்கிறவங்க இருக்காங்க. அவங்க படத்தை விட, ஸ்டாம்ப் எப்படித் தயாரானதுனுதான் அதிகம் பார்ப்பாங்க. அமெரிக்காவோட முதல் வெளியீட்டை எடுத்துக்குவோம்.

உள்நாட்டுப் போர் செலவுக்காக 1862-ல அமெரிக்க அரசு செக், ஒப்பந்தம், அடமானப் பத்திரம், சீட்டுக்கட்டு எல்லாத்துக்கும் ஸ்டாம்ப் வரி போட்டது. அச்சடிச்சது பிலடெல்பியாவுல இருந்த பட்லர் அண்ட் கார்பென்டர் கம்பெனி. எல்லாத்துலயும் வாஷிங்டன் முகம்தான். ஆரம்பத்துல தேவை எக்கச்சக்கம். ஓட்டை போடுற மெஷினால ஈடுகொடுக்க முடியல. அதனால சில ஷீட் ஓட்டையே இல்லாம போச்சு, சிலதுல ஒரு திசையில மட்டும் ஓட்டை. மிச்சத்தைக் கத்தரியால வெட்டிக்க வேண்டியதுதான்! அப்புறம்தான் நாலு பக்கமும், 2 செ.மீ.க்கு 12 ஓட்டை. ஒரே டிசைன், மூணு வகை. ஒரு சில மதிப்புல விலை வித்தியாசம் பல மடங்கு.

அங்கேயும் பேனாவால இனிஷியலும் தேதியும் எழுதி ரத்து பண்ணணும். ஆனா மையைக் கெமிக்கல்ல கழுவிட்டுத் திரும்ப ஒட்டுற ஆட்கள் இருந்தாங்க. (நம்ம கெமிஸ்ட்ரி லேப்ல இவ்வளவு ஆர்வம் யாருக்கும் வந்ததில்ல.) அதைத் தடுக்க 1871-ல பட்டு இழை கலந்த, ஊதா சாயல் பேப்பர்ல புது ஸ்டாம்ப் வந்துச்சு: நீல பார்டர், கருப்பு முகம். ரெண்டு கலர்னா ரெண்டு தடவை அச்சு. ரெண்டாவது தடவை ஷீட்டைத் திருப்பி வெச்சுட்டா, அந்த ஷீட் முழுக்க வாஷிங்டன் தலைகீழ். சேகரிக்கிறவங்களுக்கு அது பொக்கிஷம். எல்லா மதிப்பும் நீலமா இருந்ததால குழப்பம் வந்து, சீக்கிரமே பார்டரை வெவ்வேறு கலர்கள்ல மாத்தினாங்க.

விலை இருக்கிற இடத்துல போலியும் வரும். சாதாரண ஸ்டாம்போட ஓட்டை ஓரத்தை வெட்டிட்டு "ஓட்டை இல்லாதது"னு விக்கிறது பழைய தந்திரம். முதல்ல ஸ்கேல் எடுத்து அகலத்தை அளங்க. வெட்டினது குறுகலா இருக்கும். அசல்ல ஓரம் தாராளமா இருக்கும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க ஒத்தையா வாங்காம, ஒட்டியிருக்கிற ஜோடியாத் தேடுவாங்க.

உங்க வீட்டுப் பெட்டியில பழைய புரோநோட்டோ பத்திரமோ கிடைச்சா, ஸ்டாம்பை மட்டும் வெட்டியோ தண்ணியில ஊறவெச்சோ எடுத்துடாதீங்க. பாதிக் கையெழுத்து பேப்பர்லதான் இருக்கு. ஸ்டாம்ப் எந்த வருஷம், எதுக்காக, எவ்வளவு தொகைக்கு ஒட்டினதுங்கிற விவரமும் அங்கேதான் இருக்கு.