கெதார்: ஒரு ஸ்பானிய வினைச்சொல்லின் பொருட்பரப்பு

ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாய் வருதல் எம்மொழிக்கும் இயல்பு. தமிழில் இதனைத் தொல்காப்பிய உரியியல் எடுத்துரைக்கிறது. ஸ்பானிய மொழியில் அன்றாடம் வழங்கும் ‘கெதார்’ என்னும் வினையும் இத்தகையதே. எஞ்சுதல், தங்குதல், அமைந்திருத்தல், பொருந்துதல், உடன்படுதல், ஆதல் எனத் தம்முள் தொடர்பற்றனபோல் தோன்றும் பொருள்களை அகராதிகள் இதற்குத் தருகின்றன. இவற்றை இணைக்கும் அடிப்பொருள் ஒன்று உண்டு என்பதை ஈண்டுக் காட்ட விழைகிறோம்.

‘அமைதிப்படுத்துதல்’ எனப் பொருள்படும் ‘குவியேத்தாரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து கெதார் பிறந்தது. ‘அசைவற்ற’ எனப் பொருள்படும் ‘கியேதோ’ என்னும் ஸ்பானியப் பெயரடையும் இதற்கு உறவுடையது. எனவே, இயக்கமோ மாற்றமோ அடங்கியபின் எஞ்சும் நிலையையே இவ்வினை சுட்டுகிறது எனலாம்.

‘கெதான் த்ரெஸ் தியாஸ்’ எனின், ‘மூன்று நாள்கள் எஞ்சியுள்ளன’ என்பது பொருள். கழிந்தவை போக நிற்பவை அவை. ‘தோந்தே கெதா லா எஸ்தாசியோன்?’ என்பது ‘நிலையம் எங்கே உள்ளது?’ என்னும் வினா. இவ்வாட்சி இடம்பெயராதவற்றுக்கே உரியது. ஒருவர் இப்போது எங்கிருக்கிறார் என வினவுவதற்கு இது வாராது. ‘தே கெதா பியென்’ என்பது, அணிந்தபின் உடை ஒருவருக்கு நன்கு அமைந்ததைக் குறிக்கும். ‘கெதாமோஸ் ஆ லாஸ் ஓச்சோ’ என்பது ‘எட்டு மணிக்குச் சந்திப்போம்’ என்னும் உடன்பாடு. சந்தித்தலைக் குறிக்கும் சொல் இத்தொடரில் இல்லை. பேசி நிலைபெற்ற முடிவே உணர்த்தப்படுகிறது. இவ்வழக்கு ஸ்பெயின் நாட்டில் மிகுதி.

‘ஆதல்’ என்னும் பொருளே கற்போருக்கு மிகுந்த இடர் தருவது. ஸ்பானியத்தில் இதற்கெனப் பொதுவான ஒரே வினை இல்லை. முயன்று மருத்துவர் ஆனவரை ‘ஆசெர்சே’ என்னும் வினையாலும், சற்றே துயருற்றவரைப் ‘போனெர்சே’ என்னும் வினையாலும் குறிப்பர். பார்வை இழந்தவர், துணையை இழந்தவர் ஆகியோரைப் பற்றிக் கூறுங்கால் ‘கெதார்சே’ என்னும் தற்சுட்டு வடிவம் வரும். ‘சே கெதோ சியேகோ’ என்பது ‘அவர் பார்வையற்றவர் ஆனார்’ எனப் பொருள்படும். நேர்ந்த மாற்றத்தைவிட, அதன்பின் அவர் நிற்கும் நிலையே இங்கு முதன்மை பெறுகிறது. ‘கெதார் என்றால் ஆதல்’ என மட்டும் மனனம் செய்த மாணவர், மருத்துவர் ஆனவருக்கும் இவ்வினையையே ஆள்வர். அத்தொடர் ஸ்பானியர் செவிக்குப் பொருந்தாது.

தமிழில் ‘நில்’ என்னும் வினையும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. மழை நின்றது, சொல் மனத்தில் நின்றது, தேர்தலில் நின்றார் என்பன நமக்கு ஒரே சொல்லின் விரிவுகள்; அயல்மொழியாளருக்கோ மூன்று வெவ்வேறு சொற்கள். பொருட்பட்டியல் ஒரு சொல் எங்கெங்கு வரும் என்பதைக் கூறும். எங்கு வாராது என்பதை உணர அடிப்பொருளே துணைசெய்யும். வட்டார வழக்குகளையும் மரபுத்தொடர்களையும் தனியே பயிலத்தான் வேண்டும். ஆயினும், அடிப்பொருளை முதலில் விளக்கிப் பின்னர்ப் பட்டியலுக்குச் செல்லும் ஆசிரியர், மாணவரின் நினைவுச் சுமையைக் குறைப்பதோடு மொழியுணர்வையும் வளர்ப்பவர் ஆவார்.